மேற்பார்வை தளர்ந்தால் கடமை தளருமா?

காவிரிப் பாசனத்தில் வாழும் நமக்குக் கடைமடை என்றால் என்ன என்று எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூர் அணை திறந்த செய்தி வந்ததும் தலைமடையில் இருப்பவர் நாற்றங்காலைத் தயார் செய்கிறார். பேராவூரணிப் பக்கத்திலும் அதிராம்பட்டினப் பக்கத்திலும் இருப்பவர் வானத்தைப் பார்க்கிறார். ஆற்றில் வந்த தண்ணீரில் அவருக்கும் பங்கு உண்டு. முறை வைத்து விட வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. ஆனால் லஸ்கர் கரையோரம் நடந்து மதகைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரையில்தான் அந்த முறை முறையாக நடக்கிறது. அவர் வராமல் போனால் மேலே உள்ளவர் மடையை வெட்டிக்கொள்கிறார். கீழே உள்ளவருடைய பங்கு காகிதத்தில் இருக்கும், வயலில் இராது.

கல்வி என்னும் வாய்க்காலுக்கும் ஒரு கடைமடை உண்டு. கண் தெரியாத பிள்ளை, காது கேளாத பிள்ளை, நடக்க இயலாத பிள்ளை, மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளை ஆகியோர்தாம் அங்கே நிற்கிறார்கள். பள்ளிக்கூடத்தின் நேரமும் பணமும் ஆசிரியரின் பொறுமையும் மற்றப் பிள்ளைகளுக்குப் போய், மிச்சம் இருந்தால்தான் இவர்களுக்கு வருகிறது. இவர்களுக்கும் உரிய பங்கு வந்து சேர வேண்டுமானால் யாராவது கரையில் நின்று பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய அரசாங்கத்தின் கண் தளர்ந்துவிட்டால் என்ன ஆகும்? அதைவிட முக்கியமான கேள்வி: பார்ப்பவர் இல்லை என்பதால் நம்முடைய கடமை குறைந்துவிடுமா? இந்தக் கட்டுரையில் நாம் சிந்திக்க இருப்பது இதைத்தான்.

எழுதி வைத்த உரிமை

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். நம் வீடுகளில் பலருக்கு இது தெரியாது. தெரியாத உரிமையை எவரும் கேட்டு வாங்க முடியாது.

ஊனமுற்றோருக்கெனத் தனிச் சட்டம் இந்தியாவில் முதன்முதலில் 1995இல் வந்தது. ஐக்கிய நாடுகள் சபை 2006இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையில் இந்தியா 2007இல் இணைந்தது. அதற்கேற்ப 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டம் 7 வகைக் குறைகளை மட்டுமே சொன்னது. புதிய சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது.

அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் ஊனத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யாமல் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. கட்டடமும் கழிப்பறையும் அப்பிள்ளை புழங்கத் தக்கவையாக இருக்க வேண்டும். அவன் தேவைக்கேற்ற வசதியைச் செய்து தர வேண்டும் என்றும் அது கட்டளையிடுகிறது. 31ஆம் பிரிவின்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறையுள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. அதை வீட்டருகிலுள்ள பள்ளியிலும் பெறலாம்; விரும்பினால் சிறப்புப் பள்ளியிலும் பெறலாம். 32ஆம் பிரிவு உயர்கல்வியில் 5 சதவீத இடத்தை ஒதுக்குகிறது. இவற்றைக் கண்காணிப்பதற்காக மத்தியிலும் மாநிலத்திலும் ஆணையர்கள் இருக்கிறார்கள்.

சட்டம் இவ்வளவு சொல்கிறது. நடப்பு எப்படி இருக்கிறது? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். நாட்டிலுள்ள ஊனமுற்றோரில் நூற்றுக்கு 45 பேருக்கு அன்று எழுதப் படிக்கத் தெரியவில்லை. எழுதி வைத்த உரிமைக்கும் கைக்கு வந்த உரிமைக்கும் இடையிலுள்ள தூரம் இதுதான்.

காவல் தளரும் விதம்

மேற்பார்வை ஒரே நாளில் ஒழிந்துவிடுவதில்லை. சட்டத்தை யாரும் கிழித்துப் போடுவதும் இல்லை. காலியான பதவி நிரப்பப்படுவதில்லை. வர வேண்டிய பணம் வருவதில்லை. பார்க்க வேண்டியவர் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறார். அவ்வளவுதான்.

பொதுப் பள்ளியில் பயிலும் ஊனமுற்ற பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கச் சிறப்பாசிரியர் வேண்டும். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தொடக்கப் பள்ளியில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், அதற்கு மேல் 15 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று அளவு சொன்னது. மூன்றாண்டுகளுக்கு மேல் கழித்து, 2025 மார்ச்சில், பணியிடங்களை உருவாக்கி அறிவியுங்கள் என்று மாநிலங்களுக்கு அதே நீதிமன்றம் மீண்டும் கட்டளையிட வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் சிறப்பாசிரியர்களின் ஊதியமும், வீட்டிலேயே கிடக்கும் பிள்ளைகளுக்கான பயிற்சியும் பெரும்பாலும் சமக்ர சிக்ஷா என்னும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பணத்தில் நடப்பவை. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்பதற்காக, 2024-25ஆம் ஆண்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. 2025 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. யார் பக்கம் நியாயம் என்பது வேறு பேச்சு. இரண்டு அரசுகள் வாதாடிக்கொண்டிருக்கும் காலத்தில் பேசத் தெரியாத ஒரு பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி தடைப்பட்டால், இழந்த மாதங்களை அவனுக்கு எந்தத் தீர்ப்பு திருப்பித் தரும்?

இது நம் நாட்டின் குறை மட்டுமன்று. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில், 1975இல் சட்டம் வருவதற்கு முன் பத்து லட்சம் ஊனமுற்ற பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆன நிலையில், 2025 மார்ச்சில் அந்நாட்டுக் கல்வித் துறை தன் ஊழியரில் ஏறத்தாழப் பாதிப் பேரைக் குறைப்பதாக அறிவித்தது. பள்ளி மறுத்தால் பெற்றோர் போய் முறையிடும் உரிமை அலுவலகங்களிலும் பல மூடப்பட்டன. சட்டம் புத்தகத்தில் அப்படியே இருந்தது. முறையீட்டைக் கேட்கும் ஆள்தான் குறைந்தார்.

காவல் தளர்ந்தால் என்ன நேரும் என்பதை நம் தஞ்சைத் தரணி மறக்க முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையற்கட்டில் பற்றிய தீ, கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிஞ்சுகளைக் கரித்தது. ஆய்வு செய்ய அதிகாரிகள் இல்லாமலா இருந்தார்கள்? இருந்தார்கள். அந்த வழக்கில் கல்வித் துறை அலுவலர்களும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். அதற்கு மூன்றாண்டுக்கு முன், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பற்றி மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்கள். சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. மனநோயாளிகளை வைத்துப் பராமரிக்கும் இடம் உரிமம் பெற வேண்டும் என்ற சட்டம் 1987இலேயே நிறைவேறியிருந்தது. ஆயினும் அந்தச் சங்கிலியை ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் அதைச் சங்கிலியாகப் பார்க்கவில்லை.

ஏர்வாடியை ஈண்டு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. அங்கே போய் வந்தவர்களில் நம் ஊர்க்காரர்களும் ஏராளம். அரசு பார்க்கவில்லை என்று நாம் சொல்லலாம். நாமும் பார்க்கவில்லை என்பதை மறுப்பதற்கில்லை.

எவரும் வராத இடம்

இனி நம் வாசலுக்கு வருவோம்.

2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தில் 2012இல் ஒரு திருத்தம் செய்தார்கள். அதன்படி மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் மார்க்கக் கல்வியை முதன்மையாகத் தரும் பிற நிறுவனங்களுக்கும் அச்சட்டம் பொருந்தாது. 2014இல் உச்ச நீதிமன்றம், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கும், அவை அரசு உதவி பெறுபவையாக இருந்தாலும், அச்சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்ற ஐயத்தை எழுப்பி, 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அதைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பினார்கள்.

இந்த விலக்குகளை நாம் விரும்பிக் கேட்டோம், பெற்றோம். அதில் தவறில்லை. அரசியல் சட்டம் நமக்கு அளித்த உரிமை அது. நம் பிள்ளைக்கு எதை ஓதிக்கொடுப்பது என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும் என்பது நியாயமான விருப்பம்தான். ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் வேறு சட்டம். அது அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளிகளையும் குறிப்பிடுகிறது. சிறுபான்மைப் பள்ளி என்று பலகை மாட்டியிருப்பதால், கால் விளங்காத பிள்ளையை வாசலில் திருப்பி அனுப்பலாம் என்று நம் நிர்வாகி எவரும் எண்ணிவிடக் கூடாது.

பள்ளிவாசலை ஒட்டி நடக்கும் மக்தபின் நிலை வேறு. அதற்கு அங்கீகாரமும் இல்லை; அரசு நிதியும் இல்லை. எந்த அதிகாரியும் அதன் படியேறி வருவதில்லை. காலையிலும் மாலையிலும் பிள்ளைகள் யஸ்ஸர்னல் குர்ஆனைத் தூக்கிக்கொண்டு ஓடும் அந்த இடத்தில், காது கேளாத பிள்ளை எங்கே? சக்கர நாற்காலியில் இருக்கும் பெண் பிள்ளை எங்கே? அவர்கள் வரவில்லை என்பதை வருகைப் பதிவேட்டில்கூடக் காண முடியாது. அவர்களுடைய பெயர் அதில் ஏறவே இல்லை.

நாம் கேட்டுப் பெற்ற சுதந்திரம் ஓர் அமானத். அதை ஊரிலேயே பலமில்லாத பிள்ளையின் தலையில் நாம் பிரயோகித்தால், அமானத்துக்கு நாம் செய்யும் துரோகம் அல்லவா அது? அரசாங்கம் உள்ளே வரக் கூடாது என்று வாசலில் நிற்பவர், உள்ளே நியாயம் நடக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பையும் தம் தலையில் ஏற்றுக்கொண்டவர் ஆகிறார்.

யாரும் காணாத சுளிப்பு

இனி நாம் எழுப்பிய கேள்விக்கு வருவோம். பார்ப்பவர் இல்லாத இடத்தில் கடமை உண்டா?

இதற்கு மறுமொழி அபஸ சூராவின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அதன் வரலாறு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததுதான். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மக்காவின் தலைவர்களிடம் தீனை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவ்வேளையில் கண் தெரியாத ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) வந்து தமக்குக் கற்றுத் தருமாறு கேட்டார்கள். பெருமானாரின் நோக்கம் உயர்ந்தது. அந்தத் தலைவர்கள் ஈமான் கொண்டால் அவர்களைப் பின்பற்றி ஊரே வரும் என்ற ஆசை அது. ஆகவே அந்த இடையூறு அவர்களின் திருமுகத்தில் சற்றே மாறுதலை உண்டாக்கியது. அதற்காக அல்லாஹ் வஹீ இறக்கினான்.

இதில் ஒன்றை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வந்தவர் கண் தெரியாதவர். முகம் மாறியதை அவர் பார்க்கவில்லை. அவர் மனம் புண்பட்டது என்றோ முறையிட்டார் என்றோ சொல்ல இடமில்லை. சபையிலிருந்த தலைவர்களுக்கு அது ஒரு பொருட்டே அன்று. பாதிக்கப்பட்டவர் அறியவில்லை, பார்த்தவர்கள் தவறென்று எண்ணவில்லை, விசாரிக்க ஒரு நீதிமன்றமும் இல்லை. ஆயினும் அது காணப்பட்டது. கியாமத் நாள் வரை ஓதப்படும் வேதத்தில் பதியவும் பட்டது. அந்த மனிதர் கேட்டு வந்தது காசோ தானியமோ அன்று, கல்வி. கற்க வந்த ஊனமுற்றவர் காத்திருக்கட்டும், செல்வாக்குள்ளவர் முதலில் போகட்டும் என்னும் வரிசையையே அந்த வசனங்கள் மாற்றிவிட்டன.

எனவே, உரிமை என்பது மேற்பார்வையாளர் உண்டாக்குவது அன்று. அவர் அதைக் காப்பவர் மட்டுமே. கடன் கொடுத்தவர் மறந்துவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா? சாட்சி இறந்துவிட்டால் கடன் அழிந்துவிடுமா? ஹக்குல் இபாத் என்னும் அடியார்களின் உரிமை, உரியவருக்குச் சேர்க்கும் வரை நம் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்த ஸஹாபியின் பிற்கால வாழ்வையும் பாருங்கள். ஹிஜ்ரத்தின் தொடக்கத்தில், முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களோடு மதீனா சென்று மக்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். பிலால் (ரலி) அவர்களோடு அவரும் மஸ்ஜிதுந் நபவியின் முஅத்தினாக இருந்தார். நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற காலங்களில் மதீனாவின் பொறுப்பே அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கற்க வந்தவருக்குக் கதவு திறந்தது. அவர் கற்பிப்பவராகவும் ஊர்ப் பொறுப்பாளராகவும் உயர்ந்தார்.

சலுகை யாருக்கு?

இங்கே நம்மவர்கள் சொல்லும் சில சமாதானங்களை ஆராய வேண்டும்.

முதல் சமாதானம் மார்க்கத்தின் பெயராலேயே வருகிறது. "பாவம், அந்தப் பிள்ளைக்குத் தான் கடமையில்லையே, எதற்குச் சிரமப்படுத்த வேண்டும்?" என்கிறார்கள். குருடர் மீதும் முடவர் மீதும் நோயாளி மீதும் குற்றமில்லை என்று திருமறை சலுகை தந்திருப்பது உண்மைதான். ஆனால் அந்த ருக்ஸத் யாருக்குத் தரப்பட்டது? இயலாதவருக்கு. அவருக்குக் கற்பிக்கும் பொறுப்பிலிருந்து நமக்குத் தரப்பட்ட விடுதலை அன்று அது. நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்து தொழலாம் என்பது அவருக்கு வசதி. அவர் உட்காரப் பள்ளியில் இடம் வைக்காதிருப்பது நமக்கு வசதி. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

இரண்டு ஸஹாபாக்களின் வரலாற்றை அருகருகே வைத்துப் பாருங்கள். வழிகாட்ட ஆளில்லை, வீட்டில் தொழுதுகொள்ளலாமா என்று இப்னு உம்மி மக்தூம் (ரலி) கேட்டபோது, பாங்கு கேட்கிறதா என்று விசாரித்து, கேட்கிறது என்றதும் ஜமாஅத்துக்கு வரும்படியே பெருமானார் சொன்னார்கள். பார்வை குன்றிய இத்பான் இப்னு மாலிக் (ரலி) அவர்களோ, மழை பெய்தால் நடுவிலுள்ள ஓடையில் வெள்ளம் வந்துவிடுகிறது, பள்ளிக்கு வர முடியவில்லை என்றார்கள். அவர் வீட்டுக்கே பெருமானார் நேரில் எழுந்தருளி, அவர் காட்டிய இடத்தில் தொழுதார்கள். ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் வாழும் நமக்கு இத்பானின் கஷ்டம் நன்றாகவே புரியும். ஒருவரை வரச் சொன்னார்கள். ஒருவரிடம் தாமே போனார்கள். இருவரையும் விசாரித்தார்கள், ஒருவரையும் விட்டுவிடவில்லை. இன்று சட்டம் தேவைக்கேற்ற வசதி என்று சொல்வதன் உயிர் இதுதான்: ஊனத்தின் பெயரைக் கேட்டதும் முடிவு கட்டாமல், இந்தப் பிள்ளைக்கு எது தடை என்று கேட்பது.

இரண்டாவது சமாதானம்: "காது கேளாதவனுக்கு எப்படி ஓதிக்கொடுப்பது?" ஃபிக்ஹைப் படித்தவர்களே இதைச் சொல்வது விந்தை. பேச இயலாதவரின் தெளிவான சைகை, வாயால் சொன்ன சொல்லுக்குச் சமம் என்று ஃபுகஹாக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார்கள். அவருடைய சைகையால் வியாபாரம் கூடுகிறது, நிகாஹ் கூடுகிறது. அவ்வளவு பெரிய ஒப்பந்தங்களை ஏற்ற சைகையை ஒளுச் செய்யக் கற்றுக்கொடுப்பதற்கு மட்டும் ஏற்க முடியாதா? தம்மைப் பார்த்தபடியே தொழுமாறு அல்லவா பெருமானார் தோழர்களுக்குச் சொன்னார்கள்? தொழுகை கண்ணாலும் கற்கப்படுவது.

கண் தெரியாத பிள்ளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கிராஅத் கலையை ஓதும் மாணவர் எவரும் இமாம் ஷாதிபீ (ரஹ்) அவர்களின் நூலைத் தாண்டிப் போக முடியாது. ஹிஜ்ரி 590இல் மறைந்த அந்த மேதை பார்வையற்றவர். மக்காவின் முஃப்தியாக விளங்கிய அதாஉ இப்னு அபீரபாஹ் (ரஹ்) அவர்கள் காலும் கையும் ஊனமுற்றவர்; ஒரு கண் இல்லாதவர்; பிற்காலத்தில் மறு கண்ணும் போயிற்று. ஹஜ்ஜுக் காலத்தில் ஃபத்வா கேட்க அவரிடமே போகும்படி உமையா ஆட்சியாளர்கள் மக்களுக்கு அறிவித்ததாக வரலாறு கூறுகிறது. இப்படிப்பட்டவர்களின் கிதாபையும் சொல்லையும் பாடமாக வைத்திருக்கும் சமுதாயம், அவர்களைப் போன்ற ஒரு பிள்ளைக்குப் பாயில் இடமில்லை என்று சொல்லலாமா?

மூன்றாவது, சொல்லாமல் மனத்துக்குள் வைத்திருக்கும் சமாதானம். பிள்ளையை வெளியே காட்டினால் அக்காளுக்கும் தங்கைக்கும் சம்பந்தம் வராது என்ற பயம். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அந்தப் பிள்ளை பின்கட்டுக்குப் போய்விட வேண்டும். ஊனமுற்றது பெண் பிள்ளையானால் அடைப்பு இரட்டிப்பு. இதற்குப் பெற்றோரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நொண்டி, ஊமை, செவிடு என்று குறையையே பெயராக்கிக் கூப்பிடும் நம் தெருதான் அந்தக் கதவைச் சாத்துகிறது. பட்டப் பெயர் வைத்து இழிவு செய்வதை ஹுஜுராத் சூராவில் அல்லாஹ் தடுத்திருப்பதை நாம் அறியாதவர்களா?

தர்மமா, கடனா?

"அரசாங்கம் கைவிட்டால் போகட்டும், நம் பைத்துல் மாலும் நம் தனவந்தர்களும் பார்த்துக்கொள்ளட்டும்" என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்களும் உண்டு. பாதி சரி, பாதி ஆபத்து.

சரியான பாதி: அறிவைப் புகட்டுவதும் ஆதரவற்றவரைத் தாங்குவதும் பர்ளு கிஃபாயா. ஊரில் சிலர் செய்தால் எல்லாருக்கும் நீங்கும்; ஒருவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி. செய்து வந்த ஒருவர், அது அரசாங்கமாகவே இருக்கட்டும், கையை எடுத்துவிட்டால் பொறுப்பு காற்றில் மறைவதில்லை. எஞ்சியவர் தலையில் இறங்குகிறது. ஜனாஸாவைச் சுமப்பவரில் ஒருவர் விலகினால் மற்றவர் தோள் கொடுப்பதில்லையா?

ஆபத்தான பாதி: தர்மம் செய்பவர் விரும்பினால் செய்வார், விரும்பாவிட்டால் நிறுத்துவார். வாங்குபவன் அவர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். உரிமைக்கு அந்த நிலை இல்லை. செல்வர்களின் பொருளில் கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் தெரிந்த ஒரு ஹக்கு உண்டு என்று குர்ஆன் சொல்லும்போது, ஈகையைக்கூட உரிமை என்ற சொல்லால்தான் குறிக்கிறது. பள்ளிக்கூடத்தில் சாய்தளம் கட்டுவதை ஒரு தனவந்தரின் பெருந்தன்மையாக்கி, கல்வெட்டில் அவர் பெயரைப் பொறித்தால், அடுத்த பிள்ளை அடுத்த தனவந்தருக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே அரசாங்கத்தை அதன் பொறுப்பிலிருந்து விடுவிக்க நமக்கு உரிமையில்லை. வாசலில் யாசித்துக்கொண்டிருந்த கண் தெரியாத யூத முதியவரைக் கண்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று கொடுத்ததோடு நிற்கவில்லை. அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் பொது நிதியிலிருந்து வழங்க ஆணையிட்டார்கள் என்று இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) தம் கிதாபுல் கராஜில் பதிந்திருக்கிறார்கள். உமையா கலீஃபா வலீத், நடக்க இயலாதவருக்கு ஒரு பணியாளையும் கண் தெரியாதவருக்கு ஒரு வழிகாட்டியையும் ஏற்படுத்தினார் என்று தபரீ எழுதுகிறார். முஹ்தஸிப் என்னும் மேற்பார்வையாளர் கடைத்தெருத் தராசைப் பார்த்ததோடு, பிள்ளைகளை அளவு மீறி அடிக்கும் ஆசிரியரையும் தடுக்க வேண்டியவர் என்று இப்னு கல்தூன் குறிப்பிடுகிறார். பள்ளிக்கூடத்தைப் பார்வையிடும் அதிகாரம் நமக்குப் புதியது அன்று, அயலாருடையதும் அன்று. அது நம் ஆட்சி முறையிலேயே இருந்தது. மனிதன் எத்துணை நல்லவனானாலும் அவனைப் பார்க்க ஒருவர் வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

செய்ய வேண்டியவை

மஹல்லா ஜமாஅத் முதலில் கணக்கெடுக்கட்டும். சந்தாப் புத்தகத்தில் எல்லா வீடும் இருக்கிறது. அந்த வீடுகளில் பள்ளிக்கும் மக்தபுக்கும் போகாத ஊனமுற்ற பிள்ளைகள் எத்தனை பேர்? தெருவுக்கு ஒருவர் போய்க் கேட்டால் தெரிந்துவிடும். பெண்கள் போய்க் கேட்டால் பின்கட்டுப் பிள்ளையின் விவரமும் கிடைக்கும்.

கணக்கு கிடைத்ததும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டை வாங்க உதவ வேண்டும். அட்டை இல்லாமல் எந்த உரிமையும் நகராது. பள்ளி சேர்க்க மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேட்க வேண்டும். மாநில ஆணையருக்கு எழுதலாம். அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதில் நம்மவர்கள் உட்கார்ந்து, சிறப்பாசிரியர் எத்தனை நாள் வந்தார் என்று கேட்கட்டும். அப்படிக் கேட்கும்போது நம் பிள்ளைக்கு மட்டும் கேட்கக் கூடாது. பக்கத்துத் தெருவிலுள்ள சகோதர சமயப் பிள்ளைக்கும் சேர்த்தே கேட்க வேண்டும். உமர் (ரலி) யாருக்காகக் கேட்டார்கள் என்பதை மறக்கலாகாது.

மக்தபுக்கு அதிகாரி வர மாட்டார். ஆகவே ஜமாஅத்தே ஆண்டுக்கு இருமுறை ஒரு குழுவை அனுப்பிப் பார்க்கட்டும். அக்குழுவில் ஊனமுற்ற பிள்ளையின் தகப்பனோ தாயோ ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். வாசற்படியில் சாய்தளம், ஹவுளருகில் கைப்பிடி, கண் தெரியாதவர் கேட்டு மனனம் செய்யத் தனி நேரம், பார்த்துக் கற்பவருக்கு முன்வரிசை இவையெல்லாம் பெரிய செலவல்ல. மினாராவுக்கு வண்ணம் பூசும் செலவில் ஒரு பகுதி போதும். பிரெயில் எழுத்தில் குர்ஆனும் அச்சாகி வந்திருக்கிறது. நம் அரபுக் கல்லூரிகள் பட்டம் பெறப் போகும் மாணவருக்குச் சைகை மொழியில் ஒரு மாதப் பயிற்சியாவது தந்தால், அவர் இமாமாகப் போகும் ஊரில் காது கேளாதவருக்கும் ஓர் உஸ்தாத் கிடைப்பார்.

கடைமடையில் பயிர் காய்ந்தால் தலைமடையில் சத்தம் கேட்பதில்லை. பயிருக்கு வாயில்லை. இந்தப் பிள்ளைகளில் பலருக்கும் வாயில்லை. அதிகாரி வரும் நாளிலும் வராத நாளிலும் மடையைத் திறந்துவிட வேண்டியவர் நாம். கரையில் யாரும் இல்லாவிட்டாலும், அபஸ சூராவை இறக்கிய ரப்பு பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நமக்குத் தரப்பட்ட அமானத்தை உரியவரிடம் சேர்ப்பிக்கவும், ஊரில் எந்தப் பிள்ளையும் ஓதாமல் படிக்காமல் விடுபடாதிருக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.